பணிகள் முன்னேற்ற நிர்வாகம்

பணிகள் முன்னேற்ற நிர்வாகம் என்பது, பெரும் பொருளியல் வீழ்ச்சியின்போது வேலையற்றிருந்தோருக்குப் பொதுப்பணிகள் மூலம் வேலை வழங்குவதற்காக ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் அரசு உருவாக்கிய அமைப்பாகும். இது ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் டபிள்யூ.பி.ஏ. எனப் பரவலாக அறியப்படுகின்றது. 1935 மே 6 அன்று குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் டி. ரூசவெல்ட் பிறப்பித்த ஆணையின்படி தொடங்கப்பட்ட இது, 1943 வரை செயற்பட்டது. 1939 இல் இதன் பெயர் பணித்திட்ட நிர்வாகம் என மாற்றப்பட்டது. எட்டு ஆண்டுகளில் சுமார் 85 இலட்சம் பேர் இதில் ஏதேனும் ஒரு காலத்தில் வேலை பார்த்துள்ளனர்.

பொருளியல் பின்னடைவின்போது அரசு செலவு செய்து வேலைகளை உருவாக்கலாமா, அவ்வாறு செய்தால் பயன் கிட்டுமா என்ற விவாதத்தில் இந்நிர்வாகம் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகின்றது. இதனை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒரே புள்ளிவிவரங்களிலிருந்து வெவ்வேறு முடிவுகளுக்கு வருகின்றனர்.

பின்னணி

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதனைத் தொடர்ந்து வங்கிகள் மூடப்பட்டன. தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்தன. வேளாண் விளைபொருட்களின் விலை வீழ்ந்தது. 1929 இல் 3.2 விழுக்காடாக இருந்த வேலையின்மை வீதம், 1933 இல் 24.9 விழுக்காட்டை எட்டியது. அதாவது, வேலை செய்யக்கூடிய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை.

அக்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் நடுவண் அரசு நடத்தும் வேலையின்மைக் காப்புறுதி இருக்கவில்லை. ஏழைகளுக்கு உதவுவது ஊராட்சிகள், நகராட்சிகள், தேவாலயங்கள், அறநிறுவனங்கள் ஆகியவற்றின் கடமையாகவே கருதப்பட்டது. உதவி கேட்போர் தொகை பெருகியபோது, வரி வருவாயும் நன்கொடையும் சுருங்கியிருந்தன. இதனால் உதவி மிகவும் தேவைப்பட்ட காலத்திலேயே இவ்வமைப்புகளின் கையிருப்பு தீர்ந்தது.

ரூசவெல்ட்டுக்கு முன்னர் பதவியிலிருந்த குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் பொதுப்பணிகளை முற்றாகப் புறக்கணித்தார் எனச் சொல்வது பொருந்தாது. கொலராடோ ஆற்றின் குறுக்கே பின்னர் ஹூவர் அணை எனப் பெயர் பெற்ற அணையின் கட்டுமானம் 1931 இல், அவரது காலத்திலேயே தொடங்கியது. 1932 இல் பொதுப்பணிகளுக்குக் கடன் வழங்கும் சட்டம் ஒன்றிலும் அவர் கையொப்பமிட்டார். எனினும், தனிமனிதருக்கு நடுவண் அரசு நேரடியாக உதவி வழங்குவதை அவர் விரும்பவில்லை. வரவு-செலவுத் திட்டம் சமநிலையில் இருக்க வேண்டும் என்பதும் அவரது நிலைப்பாடாகும்.

முன்னோடித் திட்டங்கள்

1933 மார்ச் 4 அன்று பதவியேற்ற ரூசவெல்ட், 'புதிய ஏற்பாடு' எனப்படும் தொடர் நடவடிக்கைகளை மேற்கொண்டார். அவற்றுள் வேலைவாய்ப்புடன் தொடர்புடையவை பின்வருவன:

* குடிசார் பாதுகாப்புப் படை (1933): இளைஞர்களை முகாம்களில் தங்கவைத்துக் காடு வளர்ப்பு, மண் பாதுகாப்பு ஆகிய பணிகளில் ஈடுபடுத்தியது.
* நடுவண் அவசர உதவி நிர்வாகம் (1933): மாநிலங்களின் ஊடாக உதவி வழங்க 50 கோடி டாலருடன் தொடங்கப்பட்டது. ஹாரி ஹாப்கின்ஸ் இதன் தலைவராக இருந்தார்.
* பொதுப்பணிகள் நிர்வாகம் (1933): 330 கோடி டாலர் ஒதுக்கீட்டில் பாலங்கள், அணைகள், பள்ளிகள் போன்ற பெரிய கட்டுமானங்களை மேற்கொண்டது. உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கஸ் இதற்குப் பொறுப்பாக இருந்தார்.
* குடிசார் பணிகள் நிர்வாகம் (1933 நவம்பர் முதல் 1934 மார்ச் வரை): குளிர்காலத்தைக் கடப்பதற்கான தற்காலிக ஏற்பாடு. ஹாப்கின்ஸ் தலைமையில் இரண்டே மாதங்களில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை வழங்கியது.

பொதுப்பணிகள் நிர்வாகம், பணிகள் முன்னேற்ற நிர்வாகம் ஆகிய இரண்டும் பெயர் ஒற்றுமையால் அடிக்கடி குழப்பப்படுகின்றன. இவற்றின் வேறுபாடு கொள்கை சார்ந்ததாகும். இக்கஸ் ஒவ்வொரு திட்டத்தையும் கவனமாக ஆராய்ந்து, தனியார் ஒப்பந்தக்காரர்களிடம் ஒப்படைத்தார். கட்டடங்கள் தரமாக அமைந்தன. ஊழல் குறைவாக இருந்தது. ஆனால் பணத்தின் பெரும்பகுதி சிமெந்து, உருக்கு, இயந்திரங்கள் ஆகியவற்றுக்குச் சென்றது. வேலை தொடங்குவதற்கும் நீண்ட காலம் பிடித்தது. ஹாப்கின்சோ, பசித்திருப்பவர் திட்ட வரைபடம் முடியும்வரை காத்திருக்க இயலாது என்ற கருத்துடையவர். அரசே ஆட்களை நேரடியாக வேலைக்கு அமர்த்த வேண்டும் என்றும், செலவில் பெரும்பங்கு கூலியாகச் செல்ல வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

தோற்றம்

1935 சனவரியில் காங்கிரசுக்கு ஆற்றிய உரையில், வேலையின்றி வழங்கப்படும் உதவித்தொகை மனித உள்ளத்தை மெல்ல மெல்ல அழிக்கும் போதைப்பொருள் போன்றது என ரூசவெல்ட் குறிப்பிட்டார். உடல் வலிமை உள்ளோருக்கு வேலை தர வேண்டும் என்பதும், முதியோர், ஊனமுற்றோர் முதலியோரை மாநிலங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவரது திட்டமாக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 8 அன்று, சுமார் 480 கோடி டாலர் ஒதுக்கும் அவசர உதவி ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. இந்நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு பணிகள் முன்னேற்ற நிர்வாகம் தொடங்கப்பட்டது. ஹாப்கின்ஸ் இதன் தலைவராக நியமிக்கப்பட்டார். 1938 இறுதியில் அவர் விலகியபின் பிரான்சிஸ் சி. ஹாரிங்டன் பொறுப்பேற்றார்.

செயற்பாடு

நிர்வாகம் பணிகளைத் தானே தெரிவு செய்வதில்லை. நகராட்சி, மாவட்டம் அல்லது மாநில அமைப்பு ஒன்று திட்டத்தை முன்மொழிந்து, செலவின் ஒரு பகுதியையும் ஏற்க வேண்டும். உள்ளூர் அமைப்பு பெரும்பாலும் மூலப்பொருட்களையும் கருவிகளையும் வழங்கியது. நடுவண் அரசு கூலியை வழங்கியது.

வேலை பெறுவதற்கான விதிகளுள் முக்கியமானவை:

* விண்ணப்பிப்பவர் உதவி தேவைப்படுபவர் என உள்ளூர் அலுவலகம் உறுதிப்படுத்த வேண்டும்.
* ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே வேலை வழங்கப்படும்.
* 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 18 மாதங்கள் தொடர்ந்து வேலை பார்த்தவர் குறைந்தது 30 நாட்கள் நீக்கிவைக்கப்படுவார்.

மாதக் கூலி, இடத்துக்கும் திறனுக்கும் ஏற்ப 19 டாலரிலிருந்து 94 டாலர் வரை நிர்ணயிக்கப்பட்டது. மிகக் குறைந்த கூலி தென்மாநிலச் சிற்றூர்களின் பயிற்சியற்ற தொழிலாளருக்கும், மிக உயர்ந்தது பெருநகரங்களின் தொழில்வல்லுநருக்கும் உரியதாகும். இது உதவித்தொகையை விட அதிகமாகவும், தனியார் துறைக் கூலியை விடக் குறைவாகவும் இருக்குமாறு அமைக்கப்பட்டது. தனியார் வேலை கிடைக்கும்போது தொழிலாளர் தாமாகவே வெளியேற வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆனால் கூலி குறைந்தால் தங்கள் ஊதிய விகிதமும் சரியும் எனத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. இதனால் ஒரு மணி நேரக் கூலி சந்தை விகிதத்திலேயே கணக்கிடப்பட்டு, வேலை நேரம் குறைக்கப்பட்டது. 1939 இல் அனைவரும் மாதம் 130 மணி நேரம் உழைக்க வேண்டும் எனக் காங்கிரஸ் விதித்தபோது, பல நகரங்களில் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன.

மேற்கொள்ளப்பட்ட பணிகள்

கட்டுமானம்

செலவிலும் ஆட்களிலும் ஏறத்தாழ முக்காற்பங்கு கட்டுமானப் பணிகளுக்குச் சென்றது. சுமார் 6,50,000 மைல் நீளச் சாலைகள் அமைக்கப்பட்டன அல்லது சீரமைக்கப்பட்டன. 75,000 க்கும் மேற்பட்ட பாலங்கள், சுமார் 1,25,000 பொதுக் கட்டடங்கள், 8,000 பூங்காக்கள், 800 க்கும் மேற்பட்ட வானூர்தித் தளங்கள் ஆகியவற்றிலும் பணிகள் நடந்தன. இவற்றுட் பல புதியவை அல்ல. பழையவற்றின் விரிவாக்கமோ பழுதுபார்ப்போ ஆகும். நியூயார்க்கின் லா கார்டியா வானூர்தி நிலையம், ஓரிகன் மாநிலத்தின் டிம்பர்லைன் விடுதி, டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரின் ஆற்றங்கரை நடைபாதை ஆகியவை நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். குடியரசுத் தலைவரின் ஓய்விடமான கேம்ப் டேவிட், முதலில் இந்நிர்வாகம் அமைத்த ஒரு முகாமாகும்.

சமூகப் பணிகள்

கட்டுமானத்தில் ஈடுபடாத பெண்களுக்குப் பெரும்பாலும் தையற் கூடங்களில் வேலை வழங்கப்பட்டது. அங்கு தைக்கப்பட்ட ஆடைகள் வறியோருக்கும் மருத்துவமனைகளுக்கும் அளிக்கப்பட்டன. பள்ளிகளில் 100 கோடிக்கும் மேற்பட்ட மதிய உணவுகள் வழங்கப்பட்டன. கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதிகளில், சாலை வசதியற்ற ஊர்களுக்குப் பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் நூல்களை எடுத்துச் சென்றனர். 1935 இல் இந்நிர்வாகத்தின் கீழ்த் தொடங்கப்பட்ட தேசிய இளைஞர் நிர்வாகம், மாணவர்கள் கல்வியைத் தொடரப் பகுதிநேர வேலை வழங்கியது. பின்னாளில் குடியரசுத் தலைவரான லின்டன் ஜான்சன் அதன் டெக்சாஸ் மாநில இயக்குநராகப் பணியாற்றினார்.

கலையும் எழுத்தும்

வேலையிழந்த ஓவியருக்கும் இசைக்கலைஞருக்கும் அவரவர் தொழிலிலேயே வேலை தரப்பட வேண்டும் என ஹாப்கின்ஸ் கருதினார். ஓவியம், இசை, நாடகம், எழுத்து, வரலாற்று ஆவணக் கணக்கெடுப்பு ஆகியவற்றுக்கான பிரிவுகள் ஏறத்தாழ 40,000 பேருக்கு வேலை வழங்கின. ஓவியர்களான ஜாக்சன் பொலொக், மார்க் ரோத்கோ, எழுத்தாளர்களான ரிச்சர்ட் ரைட், ரால்ஃப் எலிசன், சோரா நீல் ஹர்ஸ்டன் ஆகியோர் இவற்றில் பணியாற்றியவர்களுட் சிலர். எழுத்தாளர் பிரிவு ஒவ்வொரு மாநிலத்துக்கும் வழிகாட்டி நூல் வெளியிட்டது. முன்னாள் அடிமைகளாக இருந்து அப்போது உயிருடன் இருந்தோரின் நினைவுகளை 1936 முதல் 1938 வரை அது பதிவு செய்தது. 2,300 க்கும் மேற்பட்ட இப்பதிவுகள் காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தகுதியான ஆட்களுக்கு வேலை தேடும்போது கிடைத்த இப்பயன், தாமதித்திருந்தால் கிடைக்காமலே போயிருக்கும்.

சமத்துவமும் பாகுபாடும்

தகுதியுடைய எவருக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என 1935 மே மாதத்தில் ரூசவெல்ட் ஆணையிட்டார். அக்காலத் தனியார் துறையுடன் ஒப்பிட, கறுப்பின மக்களுக்கு இந்நிர்வாகம் கூடுதல் வாய்ப்பளித்தது. ஆனால் நடைமுறை உள்ளூர் அலுவலர் கையில் இருந்தது. தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் குறைந்த கூலிப் பிரிவுகளில் சேர்க்கப்பட்டனர். பருத்தி அறுவடைக் காலங்களில், தோட்ட உரிமையாளர்களுக்கு மலிவான ஆட்கள் கிடைப்பதற்காகத் தொழிலாளர்கள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கே வேலை என்ற விதி, கணவன் உயிருடன் உள்ள பெண்களைப் பெரும்பாலும் விலக்கியது. 1942 இல் சப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டபோது, அவர்கள் முதலில் அடைத்துவைக்கப்பட்ட தற்காலிக மையங்களை நடத்தியவர்களில் இந்நிர்வாகத்தின் பணியாளர்களும் இருந்தனர்.

விமர்சனங்கள்

இலைகளைக் கூட்டுவதும் மண்வெட்டியில் சாய்ந்து நிற்பதுமே இவர்களின் வேலை என்ற கேலி நாளிதழ்களில் பரவலாக இடம்பெற்றது. பயனற்ற வேலைக்குப் பணம் வீணாக்கப்படுகின்றது என்பது முதன்மையான குற்றச்சாட்டு. இதில் ஓரளவு உண்மை இருந்தது. கூலிக்கே முதலிடம் என்ற கொள்கையால், இயந்திரத்தால் விரைவில் முடிக்கக்கூடிய பணிகள் கையால் செய்யப்பட்டன. ஆனால் இது தவறுதலாக நிகழ்ந்ததன்று. அதிகம் பேருக்கு வேலை தருவதற்காகத் தெரிந்தே ஏற்கப்பட்ட இழப்பாகும்.

இரண்டாவது குற்றச்சாட்டு அரசியல் சார்ந்தது. வேலையைக் காட்டி வாக்குகள் பெறப்படுகின்றன என எதிர்க்கட்சியினர் கூறினர். 1938 இல் கென்டக்கி மாநில செனட் வேட்பாளர் தெரிவில் இத்தகைய முறைகேடுகள் நிகழ்ந்ததைச் செனட் குழு ஒன்று விசாரித்தது. இதனைத் தொடர்ந்து, நடுவண் அரசு ஊழியர்களின் அரசியற் செயற்பாடுகளைக் கட்டுப்படுத்தும் ஹாட்ச் சட்டம் 1939 இல் இயற்றப்பட்டது. இடதுசாரிக் கருத்துகளைப் பரப்புகின்றது என்ற குற்றச்சாட்டின் பேரில், நாடகப் பிரிவுக்கான நிதியைக் காங்கிரஸ் அதே ஆண்டில் நிறுத்தியது.

பொருளியல் விளைவுகள்

பெருக்கி விளைவு

பின்னடைவுக் கால அரசுச் செலவுக்கு ஆதரவான வாதத்தைப் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1936 இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக முன்வைத்தார். அதன் முக்கியக் கருத்தான பெருக்கியை ரிச்சர்ட் கான் 1931 இலேயே விளக்கியிருந்தார். எடுத்துக்காட்டாக, ஒருவர் 50 டாலர் கூலி பெற்று அதில் 40 டாலருக்குப் பொருட்கள் வாங்குவதாகக் கொள்வோம். அந்த 40 டாலர் கடைக்காரரின் வருமானமாகின்றது. அவர் அதில் ஐந்தில் நான்கு பங்கான 32 டாலரைச் செலவிட்டால், அது வேறொருவரின் வருமானமாகின்றது. இவ்வாறு அரசு செலவிட்ட தொகையை விட நாட்டின் மொத்த வருமானம் கூடுதலாக உயர்கின்றது. ஆட்களும் இயந்திரங்களும் சும்மா இருக்கும் காலத்திலேயே இது நன்கு பொருந்தும். எல்லோருக்கும் வேலை இருக்கும் காலத்தில் அரசு செலவை உயர்த்தினால், விலைவாசி உயர்வே பெரிதும் மிஞ்சும்.

எனினும் இந்நிர்வாகம் கெயின்சின் நூலுக்கு முன்பே தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ரூசவெல்ட்டை இயக்கியது பெருக்கிக் கோட்பாடன்று. வேலையற்றோரின் துயரமே ஆகும். பற்றாக்குறையை அவர் தவிர்க்க முடியாத தீமையாகவே கருதினார்.

1937-1938 பின்னடைவு

இக்கருத்தின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. பொருளாதாரம் மீண்டு வருவதாகக் கருதிய அரசு, 1937 இல் செலவுகளைக் குறைத்தது. நிர்வாகத்தில் வேலை பார்த்தோர் தொகை ஏறத்தாழ 15 இலட்சமாகச் சுருங்கியது. அதே காலத்தில் சமூகப் பாதுகாப்பு வரி வசூலிக்கத் தொடங்கப்பட்டது. வங்கிகள் வைத்திருக்க வேண்டிய கட்டாய இருப்பை நடுவண் வங்கி உயர்த்தியது. தொழிலுற்பத்தி சடுதியாக வீழ்ந்தது. 1938 ஏப்ரலில் ரூசவெல்ட் மீண்டும் செலவை உயர்த்துமாறு காங்கிரசைக் கேட்டார். அவ்வாண்டு நவம்பரில் நிர்வாகத்தின் பணியாளர் தொகை சுமார் 33 இலட்சம் என்ற உச்சத்தை எட்டியது. இப்பின்னடைவுக்குச் செலவுக் குறைப்பு காரணமா, பணக் கொள்கை காரணமா என்பதில் பொருளியலாளரிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை.

வேலையின்மையைக் கணக்கிடுதல்

நிவாரணப் பணியில் இருப்பவர் வேலை உள்ளவரா, வேலையற்றவரா? பொருளியலாளர் ஸ்டான்லி லெபர்காட், இவர்கள் நிலையான வேலையைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் என்பதால் வேலையற்றோராகக் கணக்கிட்டார். மைக்கேல் டார்பி 1976 இல் இதனை மறுத்து, அவர்களை வேலை உள்ளோராகச் சேர்த்துக் கணக்கிட்டார். இரு மதிப்பீடுகளும் (விழுக்காட்டில்) பின்வருமாறு:

* 1933: லெபர்காட் 24.9, டார்பி 20.6
* 1937: லெபர்காட் 14.3, டார்பி 9.1
* 1938: லெபர்காட் 19.0, டார்பி 12.5
* 1940: லெபர்காட் 14.6; டார்பி 9.5

புதிய ஏற்பாடு வேலையின்மையைத் தீர்க்கவில்லை என்போர் முதல் வரிசையையும், பெருமளவு குறைத்தது என்போர் இரண்டாம் வரிசையையும் காட்டுவது வழக்கம். இரண்டும் ஒரே மனிதர்களைப் பற்றியவை. கூலி பெற்று வீடு திரும்பியவரைப் பொறுத்தவரை அது வேலையே. தனியார் பொருளாதாரம் மீண்டதா என அறிய விரும்புபவரைப் பொறுத்தவரை அது இன்னும் வேலையின்மையே.

மதிப்பீடு

ஈ. கேரி பிரவுன் 1956 இல் வெளியிட்ட ஆய்வில், 1930களில் அரசுச் செலவுக் கொள்கை தோல்வியுற்றது எனக் கூற இயலாது என்றும், அது போதிய அளவில் முயன்று பார்க்கப்படவே இல்லை என்றும் முடிவு செய்தார். நடுவண் அரசு செலவை உயர்த்தியபோது, மாநிலங்களும் நகராட்சிகளும் வரியை உயர்த்திச் செலவைக் குறைத்தமை அதன் பயனைப் பெரிதும் ஈடுசெய்துவிட்டது. கிறிஸ்டினா ரோமர் போன்றோர், பொருளாதார மீட்சிக்குப் பண அளிப்பின் வளர்ச்சியே முதன்மையான காரணம் எனக் காட்டியுள்ளனர்.

தன் இலக்கிலும் நிர்வாகம் முழு வெற்றி பெறவில்லை. உச்ச நிலையில்கூட, வேலையற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே அது இடமளித்தது. தகுதி இருந்தும் நிதி இல்லாமையால் திருப்பி அனுப்பப்பட்டோர் பலர். மறுபுறம், பிரைஸ் ஃபிஷ்பேக்கும் உடன் ஆய்வாளர்களும் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, நிவாரணச் செலவு அதிகமாக இருந்த நகரங்களில் குழந்தை இறப்பு உள்ளிட்ட சில இறப்பு வீதங்கள் குறைந்ததைக் காட்டியது. வேலையின்மை வீதத்தில் தென்படாத பயன்களும் இருந்தன என்பதை இது உணர்த்துகின்றது.

முடிவு

1940 முதல் போர் ஆயத்தச் செலவு உயர்ந்தது. நிர்வாகம் வானூர்தித் தளங்கள் அமைத்தல், படைக்கலத் தொழிலாளருக்குப் பயிற்சியளித்தல் ஆகியவற்றில் கவனம் செலுத்தியது. 1942 இல் வேலையின்மை வீதம் 4.7 விழுக்காடாகவும், 1943 இல் 1.9 விழுக்காடாகவும் குறைந்தது. 1942 திசம்பரில் ரூசவெல்ட் இதனை மூட ஆணையிட்டார். 1943 சூன் 30 அன்று பணிகள் நிறைவுற்றன. அமைதிக் காலத்தில் கிடைக்காத அளவு நிதி போருக்காகக் கிடைத்தபோது வேலையின்மை மறைந்தமை, அரசுச் செலவின் ஆற்றலுக்குச் சான்றாகவும், அதற்குத் தேவைப்பட்ட அளவுக்குச் சான்றாகவும் எடுத்துக்காட்டப்படுகின்றது.

பிற்காலத் தாக்கம்

2008 நிதி நெருக்கடிக்குப் பின், 2009 பிப்ரவரியில் பராக் ஒபாமா கையொப்பமிட்ட 78,700 கோடி டாலர் மதிப்பிலான மீட்புச் சட்டம் இந்நிர்வாகத்துடன் அடிக்கடி ஒப்பிடப்பட்டது. ஆனால் அது ஆட்களை நேரடியாக வேலைக்கு அமர்த்தவில்லை. வரிச்சலுகை, மாநிலங்களுக்கான நிதி, ஒப்பந்தப் பணிகள் ஆகியவற்றின் வழியே செயற்பட்டது. உடனடியாகத் தொடங்கக்கூடிய கட்டுமானத் திட்டங்கள் எதிர்பார்த்த அளவு இல்லை என்பதை ஒபாமா 2010 இல் ஒப்புக்கொண்டார். இக்கஸ், ஹாப்கின்ஸ் ஆகியோரிடையே எழுந்த கேள்வியே இங்கும் எழுந்தது: நல்ல திட்டம் ஆயத்தமாகக் காலம் எடுக்கும், வேலையற்றவருக்கோ காலம் இல்லை.

ஐக்கிய அமெரிக்காவின் பல நகரங்களில் நிர்வாகத்தின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்ட நடைபாதைகளையும் பாலங்களையும் இன்றும் காணலாம். அவற்றுட் பல, தற்காலிக நிவாரணமாகக் கட்டப்பட்டவை எனினும், எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் பயன்பாட்டில் உள்ளன.